மூட்டு மாற்று அறுவை ஆய்வுகளில் தேர்வுச் சாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்த்தோ படிக்கும் மாணவர்கள், பிசியோதெரபிஸ்டுகள், முழங்கால் அறுவைக்கு நாள் குறித்துவிட்டு இணையத்தில் தேடும் குடும்பத்தினர் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. செலக்‌ஷன் பயஸ்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஆய்வு யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர்கள் வேறு, அதில் எண்ணப்பட்டவர்கள் வேறு என்று ஆகி, அந்த வேறுபாடே முடிவையும் மாற்றிவிட்டால் அது தேர்வுச் சாய்வு. எண்ணப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது சரியாகாது. பத்தாயிரம் பேரைச் சேர்த்தாலும் அதே வாசல் வழியாகச் சேர்த்தால் அதே பிழைதான் வரும்.

2. எல்லா ஆபரேஷனுக்கும் இது உண்டே, மூட்டு மாற்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

தேய்மானத்துக்குச் செய்யும் மூட்டு மாற்று, நாள் பார்த்துச் செய்யும் அறுவை. குடல்வால் வெடித்தால் யோசிக்க நேரமில்லை, வந்தவருக்கெல்லாம் செய்தாக வேண்டும். முழங்கால் தேய்மானத்தில் நோயாளி ஒத்திப்போடலாம், பிள்ளைகள் வேண்டாம் எனலாம், டாக்டர் எடை குறைத்துவிட்டு வரச் சொல்லலாம், மயக்க மருந்து டாக்டர் இதயத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கலாம், இன்சூரன்ஸ் மறுக்கலாம். இத்தனை சம்மதமும் கிடைத்தவர்தான் அறுவை மேசைக்கு வருகிறார்.

பல மையங்களில் உடல் நிறை குறியீடு 40-க்கு மேல், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.5 அல்லது 8-க்கு மேல் என்றால் அறுவையைத் தள்ளிப்போடுவது வழக்கம். மருத்துவ ரீதியாக அதற்கு நியாயம் உண்டு, தொற்று அபாயம் குறையும். ஆனால் அந்த மையம் வெளியிடும் தொற்று விகிதத்தை எந்த வரம்பும் வைக்காத மையத்தின் விகிதத்தோடு ஒப்பிட்டு “அவர்கள் கை சுத்தம்” என்று சொல்வது தவறு. கட்டுரைகளில் “தொடர்ச்சியாக வந்த 500 நோயாளிகள்” என்ற சொற்றொடரைப் பார்த்தால் எங்கிருந்து தொடர்ச்சி என்று பாருங்கள். பெரும்பாலும் அது அறுவை அரங்கின் வாசலில்தான் தொடங்கும். புறநோயாளிப் பிரிவிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இருக்க மாட்டார்கள்.

3. “98% வெற்றி”ன்னு ஆஸ்பத்திரி போர்டுல போட்டிருக்கு. நம்பலாமா?

அந்த எண் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எது வெற்றி என்று கேளுங்கள்: மூட்டை மறுபடி மாற்ற வேண்டி வரவில்லை என்பதா, வலி போனது என்பதா? எத்தனை மாதத்தில் பார்த்தது? எத்தனை பேருக்குச் செய்து எத்தனை பேரிடம் கேட்டது?

முதல் கேள்வியே பெரிய வித்தியாசம் செய்யும். நல்ல முழங்கால் மூட்டுகள் பத்தாண்டு கடந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைச் சுற்றி நிலைக்கின்றன. ஆனால் அறுவை செய்துகொண்டவர்களையே கேட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் திருப்தியில்லை என்கிறார். இரண்டும் உண்மை. போர்டில் எது ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

4. ஃபாலோ-அப்புக்கு வராதவங்க நல்லா இருக்கறதாலதானே வரல?

பரவலாக நம்பப்படும் தவறு இது. 1997-இல் பிரிட்டனில் முர்ரே குழுவினர் இடுப்பு மூட்டு மாற்றியவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். தொடர்பு அறுந்துபோனவர்களின் கடைசிப் பரிசோதனைக் குறிப்பை எடுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து வந்தவர்களைவிட அவர்களுக்கு வலியும் அசைவும் எக்ஸ்ரேயும் மோசமாக இருந்தன. அதிருப்தி அடைந்தவர் வேறு டாக்டரிடம் போய்விடுகிறார். நடக்க முடியாதவரால் பஸ் ஏறி வர முடிவதில்லை. நன்றாக இருப்பதாலேயே வராதவரும் உண்டு, ஆனால் எல்லோரும் அப்படித்தான் என்று எழுதிவிட முடியாது.

கணக்காகப் பார்க்கலாம் (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்). 200 பேருக்கு அறுவை, ஓராண்டில் பதில் சொன்னவர் 140, அவர்களில் திருப்தி 126. கட்டுரையில் 90% என்று வரும். பதில் வராத 60 பேரில் 36 பேருக்குத்தான் திருப்தி என்றால் மொத்தம் 162, அதாவது 81%. அறுபது பேருமே அதிருப்தி என்றால் 63%, அறுபது பேருக்குமே திருப்தி என்றால் 93%. ஆக இந்த ஆய்வு உண்மையில் சொல்வது “63-க்கும் 93-க்கும் நடுவில் எங்கோ” என்பதைத்தான். இந்த இரு ஓரங்களையும் கட்டுரையிலேயே காட்டும் ஆய்வாளர்கள் குறைவு. காட்டுபவர்களை நம்பலாம்.

5. ஒரே ஆளை முன்னாடியும் பின்னாடியும் ஒப்பிட்டா பயஸ் எப்படி வரும்?

தேய்மான வலி ஏறி இறங்கிப் போகும். ஒருவர் அறுவைக்குச் சம்மதிப்பது பெரும்பாலும் வலி உச்சத்தில் இருக்கும் மாதத்தில். அந்த நாளில் எடுத்த மதிப்பெண் அவருடைய சராசரி நிலையைவிட மோசமாக இருக்கும், எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் ஏறும். முன்-பின் ஆய்வு அந்த இயல்பான ஏற்றத்தையும் அறுவையின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. இங்கே தேர்வு நடந்தது ஆளில் அல்ல, நாளில்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இங்கிலாந்தில் 2009 ஏப்ரல் முதல் இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு நோயாளியே நிரப்பும் படிவம் வாங்குகிறார்கள். 12 கேள்விகள் கொண்ட ஆக்ஸ்ஃபோர்ட் மதிப்பெண், 0 முதல் 48 வரை, அதிகம் என்றால் நல்லது. அறுவைக்கு முன் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை. முதல் படிவத்தை நிரப்பாதவருக்கு இரண்டாவது படிவமும் போகாது, அதனால் முன்னேற்றக் கணக்கில் அவர் தோன்றவே மாட்டார். எழுதப் படிக்கச் சிரமப்படுபவரும், மனச்சோர்வில் இருப்பவரும், அவசரமாகச் சேர்க்கப்பட்டவரும் இப்படி விடுபட வாய்ப்பு அதிகம்.

6. குலுக்கல் முறையில யாருக்கு ஆபரேஷன்னு முடிவு பண்ணிட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

ஒரு பாதி தீரும். குலுக்கிப் போட்டால் இரண்டு குழுக்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கும். குலுக்கலுக்குச் சம்மதித்தவர்கள் சம்மதிக்காதவர்களைப் போன்றவர்களா என்பது தனிக் கேள்வி.

டென்மார்க்கில் நடந்த ப்ரோஹிப் ஆய்வைப் பாருங்கள். 50 வயது தாண்டிய இடுப்புத் தேய்மான நோயாளிகளில் ஒரு குழுவுக்கு மூட்டு மாற்று, இன்னொரு குழுவுக்கு 12 வாரம் மேற்பார்வையில் தசையை வலுப்படுத்தும் எடை தூக்கும் பயிற்சி. 2024-இல் வெளிவந்தது. 1474 பேரைப் பரிசீலித்தார்கள், 791 பேர் தகுதி பெற்றார்கள், குலுக்கலுக்குள் வந்தவர்கள் 109. தகுதி பெற்றவர்களில் 14%. ஆறு மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் மதிப்பெண் அறுவைக் குழுவில் 15.9 ஏறியது, பயிற்சிக் குழுவில் 4.5. இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வராது. ஆனால் மீதி 86 சதவீதத்தினருக்கும் இதே இடைவெளிதான் என்று இந்த எண்ணை வைத்து எழுத முடியாது. “உடனே ஆபரேஷன் பண்ணுங்க” என்று உறுதியாக இருப்பவர் குலுக்கலுக்கு வர மாட்டார், “கத்தியே வேண்டாம்” என்பவரும் வர மாட்டார். இரண்டுக்கும் தயாராக இருக்கும் நடுத்தரத்தினர்தான் வருவார்கள்.

முழங்காலுக்கு இதே டென்மார்க்கில் 2015-இல் 100 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அறுவையோடு 12 வாரப் பயிற்சித் திட்டம் பெற்ற குழு ஓராண்டில் 32.5 புள்ளி முன்னேறியது, பயிற்சித் திட்டம் மட்டும் பெற்ற குழு 16.0 (இது 100-க்கான வேறொரு அளவுகோல்). முந்தைய வாரத்தின் சராசரி வலி 100-க்கு 60-க்கு மேல் இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. அறுவைக்கு மிகவும் தேவைப்படுபவர்களே வெளியே நின்றார்கள் என்பதை மறந்துவிட்டு “பயிற்சியே பாதி வேலை செய்யும்” என்று மேற்கோள் காட்டுவது அந்த ஆய்வுக்கே அநியாயம்.

7. பயிற்சி குழுவுல இருந்தவர் நடுவுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டா அவரை எந்தக் கணக்குல வைக்கணும்?

குலுக்கலில் விழுந்த குழுவிலேயே. மேலே சொன்ன முழங்கால் ஆய்வில் பயிற்சிக் குழுவின் 50 பேரில் 13 பேர் ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டார்கள். ப்ரோஹிப்பில் 21% பேர் ஆறு மாதத்துக்குள் மாறினார்கள், அறுவைக் குழுவிலும் 9% பேர் அதற்குள் அறுவை செய்துகொள்ளவில்லை.

மாறுபவர்கள் யார்? பயிற்சியில் பலன் காணாதவர்கள். அவர்களை நீக்கிவிட்டு மிச்சமிருப்பவர்களை மட்டும் எண்ணினால் பயிற்சி மிகவும் நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். குலுக்கிப் பிரித்ததன் பலன் அங்கேயே போய்விடும். ஆனால் குலுக்கல் குழுப்படியே வைத்து எண்ணும்போது அறுவையின் முழு விளைவும் தெரியாது, இடைவெளி சற்று சுருங்கித் தெரியும். ஆகவே இரண்டு கணக்கையும் கொடுத்து, எது முதன்மை என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

8. நாடு முழுக்கப் பதிவேடு வெச்சிருந்தா எல்லாரும் உள்ள வந்துடுவாங்கல்ல?

பதிவேடு என்பது யாருக்கு எந்த மூட்டு பொருத்தினார்கள், அதை எப்போது மறுபடி மாற்றினார்கள் என்று நாடு முழுக்கக் குறித்து வைப்பது. அறுவை நடந்தவர்கள் எல்லோரும் வருவார்கள், அது சின்ன விஷயமல்ல. சுவீடன் 1975-இல் முழங்கால் பதிவேட்டையும் 1979-இல் இடுப்புப் பதிவேட்டையும் தொடங்கியது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-இல் தொடங்கின. ஒரு மூட்டை வடிவமைத்த டாக்டரே தன் நோயாளிகளைப் பற்றி எழுதும் கட்டுரையில் தெரியாத பழுது, எல்லா டாக்டர்களும் எல்லா ஊர்களிலும் பொருத்தும்போது தெரிந்துவிடும். டீப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் உலோக இடுப்பு மூட்டு அதிகம் பழுதாகிறது என்பதை ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டியது. 2010 ஆகஸ்டில் அது உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் அறுவை செய்யாதவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கேள்வி 2-இல் சொன்ன கழிவுகள் அத்தனையும் பதிவேட்டுக்கு முன்பே நடந்து முடிந்தவை. பதிவு செய்வது கட்டாயமில்லாமல் டாக்டரின் விருப்பத்துக்கு விடப்பட்டால் இன்னொரு வடிகட்டியும் சேரும். இந்திய இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கத்தின் பதிவேடு அப்படி விருப்பத்தின் பேரில் நடப்பது. அதைக் கொண்டு எந்த வகை மூட்டுகள் புழங்குகின்றன என்று அறியலாம், இந்தியாவின் பழுது விகிதம் இது என்று அறுதியிட முடியாது.

9. பாதி மூட்டு மாத்தினா சீக்கிரம் பழுதாகுதுன்னு பதிவேடு சொல்லுது. அப்போ முழு மூட்டுதானே நல்லது?

இந்தப் பக்கத்திலேயே நின்று நிதானித்துப் படிக்க வேண்டிய பதில் இது. பாதி மூட்டு என்பது முழங்காலில் தேய்ந்த பகுதியை மட்டும் மாற்றுவது. 2014-இல் இங்கிலாந்து-வேல்ஸ் பதிவேட்டிலிருந்து 25,334 பாதி மூட்டு மாற்றுகளை அவற்றோடு ஒத்துப்போகும் 75,996 முழு மூட்டு மாற்றுகளோடு ஒப்பிட்டார்கள். எட்டாண்டில் பாதி மூட்டுக்கு மறு மாற்று இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதே ஒப்பீட்டில் இறப்பும் சிக்கல்களும் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் பாதி மூட்டில் குறைவு.

மறு மாற்று என்பது மூட்டு தானாகச் செய்யும் காரியமல்ல. ஒரு டாக்டர் முடிவெடுத்தால்தான் நடக்கும். பாதி மூட்டு வலித்தால் அதை முழு மூட்டாக மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது, டாக்டர் சட்டென்று ஒப்புக்கொள்வார். முழு மூட்டு வலித்தால் அதைப் பிரித்து மறுபடி பொருத்துவது பெரிய வேலை, “கொஞ்ச நாள் பார்க்கலாம்” என்பார். நியூசிலாந்துப் பதிவேட்டில், ஆறு மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் மதிப்பெண் 20-க்குக் கீழே கிடந்தவர்களில் பாதி மூட்டுக்காரர்கள் ஏறத்தாழ 63% பேருக்கு மறு மாற்று நடந்தது, முழு மூட்டுக்காரர்கள் ஏறத்தாழ 12% பேருக்குத்தான் நடந்தது. இரு தரப்புக்கும் ஒரே அளவு வேதனை, ஒரு தரப்பு மட்டும் “தோல்வி” என்று பதிவாகிறது. அறுவைக்குப் பின்னால், முடிவை எண்ணும் இடத்தில் நடக்கும் தேர்வு இது.

பிறகு டாப்காட் என்ற குலுக்கல் முறை ஆய்வு 27 பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் 528 பேரை வைத்து நடந்து, 2019-இல் ஐந்தாண்டு முடிவு வந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் மதிப்பெண்ணில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாத அளவே, மறு மாற்றிலும் பதிவேடு காட்டிய இரட்டிப்பு தெரியவில்லை. அதற்காகப் பதிவேட்டைத் தூக்கிப் போட வேண்டாம். டாப்காட்டில் அறுவை செய்தவர்கள் அந்தந்த அறுவையில் பழகிய கைகள். எப்போதாவது ஒரு பாதி மூட்டு செய்யும் டாக்டரிடம் என்ன நடக்கும் என்பதைப் பதிவேடுதான் சொல்லும். உங்களுக்குச் செய்யப்போகிறவர் எந்த வகை என்று தெரிந்தால் எந்த எண் உங்களுக்கானது என்றும் தெரியும்.

10. மூட்டு மாத்தினவங்க மத்தவங்களைவிட அதிக நாள் வாழறாங்களாமே?

வட ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளில் அறுவைக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் அப்படித்தான் தெரிகிறது. காரணம் கேள்வி 2-இல் இருக்கிறது: இதயமும் நுரையீரலும் சரியாக உள்ளவர்தான் மேசைக்கு வந்தார். பொதுமக்களில் படுத்த படுக்கையாக இருப்பவரும் அடக்கம். 2012, 2013-இல் வந்த இரண்டு பிரிட்டிஷ் ஆய்வுகளில், இடுப்புப் பந்தின் மேல் உலோக மூடி பொருத்தியவர்கள் முழு மூட்டு மாற்றியவர்களைவிடக் குறைவாக இறந்தார்கள். மூடி பொருத்துவது இளைய, சுறுசுறுப்பான ஆட்களுக்கு. வயதையும் நோய்களையும் கணக்கில் சரிக்கட்டிய பிறகும் மிஞ்சும் வித்தியாசத்தை உலோகத்தின் மகிமையாகக் கொள்ள வேண்டாம், படிவத்தில் ஏறாத உடல்திறனே அதற்குப் போதுமான விளக்கம்.

11. ரெண்டு காலும் ஒரே சமயத்துல பண்ணலாமா, தனித்தனியாவா? ரெண்டும் சேஃப்னு ஆய்வு இருக்கே.

மருத்துவ முடிவை உங்கள் டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும்தான் சொல்ல வேண்டும். ஆய்வைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு, அவை எதிரெதிர்த் திசையில் இழுக்கும்.

ஒரே நாளில் இரண்டு காலுக்கும் செய்யத் திடமானவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக அந்தக் குழு நல்லதாகத் தெரியும். தனித்தனியாகச் செய்த குழுவை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பது அதைவிட நுட்பமானது. “இரண்டு அறுவையும் முடித்தவர்கள்” என்று கோப்பில் தேடினால், முதல் காலில் தொற்று வந்ததால் நின்றுவிட்டவர், மாரடைப்பில் இறந்தவர், “ஒன்றே போதும்” என்று ஓடிப்போனவர் எல்லோரும் விடுபடுவார்கள். முதல் அறுவையைத் தாண்டி வந்தவர்கள்தான் மிஞ்சுவார்கள். சரியான வழி: இரண்டு கால் செய்யத் திட்டமிட்ட எல்லோரையும் முதல் அறுவை நாளிலிருந்து எண்ணுவது. ஒரே நாளில் செய்யத் தொடங்கி ஒரு காலோடு நிறுத்தப்பட்டவரும் “ஒரே நாள்” குழுவில்தான் இருக்க வேண்டும்.

12. அன்னைக்கே வீட்டுக்குப் போறது, ரோபோ ஆபரேஷன் - இதுக்கெல்லாம் ரிசல்ட் அருமையா இருக்கே?

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் “உள்நோயாளியாக மட்டுமே” என்ற பட்டியலிலிருந்து முழங்கால் மாற்றை 2018-இலும் இடுப்பு மாற்றை 2020-இலும் நீக்கியது. அன்றே வீடு திரும்புபவர் யார்? வீட்டில் துணை உள்ளவர், சர்க்கரையும் இதயமும் கட்டுக்குள் உள்ளவர். காலையில் முதல் கேஸாகப் போடப்படுபவரும் அவர்தான். அன்றே போகலாம் என்று திட்டமிட்டு மாலையில் தலைசுற்றலால் தங்க நேர்ந்தவரை உள்நோயாளிக் குழுவுக்கு மாற்றிவிட்டால் ஒப்பீடே கெட்டது.

ரோபோவிலும் அதே சங்கதிதான்: கூடுதல் பணம் கட்ட முடிந்தவர், அதிக கேஸ் செய்யும் மையம். அங்கே ரோபோ இல்லாமலும் முடிவு நன்றாகவே இருந்திருக்கும்.

13. ரொம்ப குண்டா இருக்கறவங்களுக்கும் சிக்கல் ஒண்ணும் கூடலைன்னு சில பேப்பர்ல இருக்கே, எப்படி?

அறுவை செய்தவர்களுக்குள் மட்டும் பார்ப்பதால். மிகப் பருமனான ஒருவருக்கு டாக்டர் சம்மதிக்கிறார் என்றால் மற்ற எல்லாமே நன்றாக இருந்திருக்க வேண்டும்: சர்க்கரை இல்லை, புகை இல்லை, வயது குறைவு. ஒல்லியானவருக்கு இத்தனை நிபந்தனை இல்லை, இதய நோயோடும் உள்ளே வருவார். வாசலே எடைக்கும் மற்ற நோய்களுக்கும் இடையே இல்லாத எதிர்த் தொடர்பை உண்டாக்கிவிட்டது. இதைப் படித்துவிட்டு வாசலைத் திறந்துவிட்டால் வரும் நோயாளிகள் அந்த ஆய்வில் இருந்தவர்களைப் போல் இருக்க மாட்டார்கள்.

14. ப்ரொபென்சிட்டி ஸ்கோர் போட்டு மேட்ச் பண்ணிட்டோம். இனி கேள்வி கேக்க முடியாதுல்ல?

கேட்கலாம். ப்ரொபென்சிட்டி ஸ்கோர் என்பது ஒருவருக்கு எந்தச் சிகிச்சை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பெண்; அது ஒத்துப்போகிறவர்களை இரு குழுவிலிருந்தும் ஜோடி சேர்ப்பார்கள். வயது, பால், எடை, மற்ற நோய்கள் என்று கோப்பில் உள்ளவற்றை வைத்துத்தான் ஜோடி சேர்க்க முடியும். மாடிப்படி ஏறும் திறன், வீட்டில் ஆதரவு, எலும்பின் தரம், “இவருக்கு நல்லா வரும்” என்று டாக்டர் மனதில் போட்ட கணக்கு - எதுவும் கோப்பில் இல்லை. கேள்வி 9-இன் ஒப்பீடும் இப்படி ஜோடி சேர்த்ததுதான், இருந்தும் மறு மாற்று முடிவில் உள்ள கோணல் போகவில்லை, ஏனென்றால் அது அறுவைக்குப் பிறகு நுழைந்தது.

ஜோடி கிடைக்காமல் எத்தனை பேர் கழிந்தார்கள் என்றும் பாருங்கள். பாதிப் பேர் கழிந்திருந்தால் மிஞ்சியவர்கள் இரண்டு சிகிச்சைக்கும் பொருந்தும் நடுத்தர நோயாளிகள். முடிவு அவர்களுக்கு மட்டுமே. நல்ல சோதனை ஒன்று உண்டு: சிகிச்சையால் மாறவே முடியாத ஒரு முடிவை, உதாரணமாக விபத்து மரணத்தை, அதே ஜோடிகளில் ஒப்பிடுங்கள். அதிலும் வித்தியாசம் வந்தால் குழுக்கள் இன்னும் சமமாகவில்லை.

15. ரேட்டிங்குக்காக டாக்டருங்க கஷ்டமான கேஸைத் தவிர்க்கறாங்களா?

அந்த அச்சம் நியாயமானது, ஆனால் சோதித்துப் பார்க்கக் கூடியதும்கூட. அமெரிக்காவில் 2016 ஏப்ரலில் மூட்டு மாற்றுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி, செலவு கூடினால் மருத்துவமனையே ஏற்க வேண்டும் என்ற திட்டம் சில பகுதிகளில் கட்டாயமானது. ரேட்டிங் போலவே இதுவும் கஷ்டமான கேஸைத் தவிர்க்கத் தூண்டக் கூடியது. இரண்டாண்டு முடிவில் செலவு சற்றுக் குறைந்தது, அதிக அபாய நோயாளிகளின் பங்கு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. சாய்வு இருக்கும் என்று ஊகிப்பதோடு நிற்காமல் வாசலில் நுழைபவர்களை எண்ணியதால்தான் இது தெரிந்தது.

16. பத்து வருஷ பழுது விகிதம் போடும்போது இறந்தவங்களை என்ன பண்றது?

வழக்கமான கப்லான்-மையர் முறை, இறந்தவரைத் தொடர்பு அறுந்தவராக எடுத்துக்கொண்டு, உயிரோடு இருந்திருந்தால் மற்றவர்களைப் போலவே அவருக்கும் பழுது வரும் என்று வைத்துக் கணக்கிடும். 80 வயதினர் அதிகம் உள்ள குழுவில் இதனால் பழுது அபாயம் கூடுதலாகத் தெரியும். நோயாளியிடம் “உங்கள் வாழ்நாளில் மறுபடி மாற்ற வேண்டி வருமா” என்பதற்குப் பதில் சொல்ல, இறப்பைப் போட்டி நிகழ்வாக (அது வந்துவிட்டால் பழுது வரவே முடியாது என்று) எடுக்கும் முறையே சரி. இரண்டு மூட்டுகளின் உறுதியை ஒப்பிட மட்டும் என்றால் முந்தையதும் பயன்படும்.

17. எம்.எஸ். ஆர்த்தோ தீசிஸ் பண்றேன், ஒரே ஆஸ்பத்திரி, 60 கேஸ். நான் என்னதான் செய்ய முடியும்?

நிறைய. புறநோயாளிப் பிரிவில் ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் நாளிலிருந்து, மூட்டு மாற்றுக்குத் தகுதியான தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் உறுதியான ஒவ்வொருவரையும் எழுதுங்கள்: வயது, பால், எடை, எச்பிஏ1சி, ஆக்ஸ்ஃபோர்ட் மதிப்பெண். அறுவைக்குப் போகாதவருக்குக் காரணத்தை ஒரு சொல்லில் குறியுங்கள்: மறுத்தார், தள்ளிப்போட்டோம், மயக்க மருந்துத் தடை, பணம். படிக்க இயலாதவருக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டி நிரப்புங்கள், ஆனால் வாசிப்பவர் அறுவை செய்த குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது, நோயாளி முகத்துக்காகப் பதில் சொல்வார். இரண்டு போன் எண்கள் வாங்குங்கள், ஒன்று மகன் அல்லது மகளுடையது. வராதவருக்கு மூன்று முறை, வேறு வேறு நேரத்தில் அழையுங்கள்.

தீசிஸில் முதல் படமாக ஆட்கள் குறைந்துவந்த வரைபடத்தைப் போடுங்கள். முதல் அட்டவணையில் அறுவை ஆனவர், ஆகாதவர் என்று இரண்டு பத்திகள். 2002-இல் அமெரிக்காவில் முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பியை (சிறு துளை வழியே கருவி நுழைத்துச் செய்யும் அறுவை) தோலை மட்டும் கீறும் பொய் அறுவையோடு ஒப்பிட்ட புகழ்பெற்ற ஆய்வில் தகுதியான 324 பேரில் 144 பேர் மறுத்தார்கள். சேர்ந்தவர்கள் மறுத்தவர்களைவிட இளையவர்கள், தேய்மானம் அதிகம் உள்ளவர்கள் என்பதை அவர்களே எழுதினார்கள். அந்த இரண்டு வரி இருப்பதால்தான் இன்றும் அதன் முடிவை யாருக்குப் பொருத்தலாம் என்று பேச முடிகிறது. கடைசியாக, கேள்வி 4-இன் இரு ஓரக் கணக்கை உங்கள் 60 பேருக்கும் போட்டு முடிவுப் பகுதியிலேயே அச்சிடுங்கள், பின்னிணைப்பில் ஒளிக்காதீர்கள்.